இரண்டு அலகு அம்புமுனை

என்னை விட்டுப் போனவனுக்கு,

நீ தேர்ந்து கொடுத்த, மூன்று அலகு, அதாவது மூன்று வெட்டுத்தகடு கொண்ட அம்புமுனை, போன வருஷம் நான் எய்தபோது காட்டுப்பன்றியின் தோளில் பாதியிலேயே நின்றுவிட்டது. வெறிகொண்டு திரும்பிய பன்றி நம் நாய் ஹேசலைக் கிழித்துக் கொன்றது. "முனை மேல தப்பில்ல, இவ கையிலதான் தெம்பில்ல" என்று டெக்சஸ் முழுக்கச் சொல்லிச் சிரித்தாய்.

என்னுடையது நாணை இழுக்க அதிக பலம் வேண்டாத, இழுவை குறைந்த வில். அதற்குக் கனமான, ஒடுங்கிய இரண்டு அலகு முனைதான் ஆழமாக இறங்கும். உனக்கு அது அன்றே தெரியும்.

இந்த முறை நானே தேர்ந்து, கைமயிரைச் சிரைக்கும் அளவுக்குத் தீட்டினேன். நேற்று, தோளில் தழும்போடு அதே பன்றி வந்தது. அம்பு அதன் உடலைத் துளைத்து, மறுபக்கத் தரையில் குத்தி நின்றது.

"நம்ம கிளப்புலயே இதுதாம்மா பெருசு!" என்றார், செத்த பன்றியை எடைபோட்ட வேட்டைக் கிளப் தலைவர் வெர்னான். கிளப் சுவரின் சாதனை வரிசையில் முதலிடத்தில் இருந்த உன் பெயர்ப்பலகையை அவரே ஏறிக் கழற்றினார். ஏணியை நான் பிடித்துக்கொண்டேன்.

இங்கே நலமாக இருப்பவள்