இரண்டு வீட்டுத் திரிகை

செப்டம்பர் 4, வியாழன்

ஊர்த் தலைவி கிராஜினா வந்தாள். இரண்டாம் உலகப்போர்க் கால ஊரைப் பற்றி நான் எழுதும் சிறுநூல் பதினைந்தாம் தேதி அச்சுக்குப் போகவேண்டும்.

"திரிகைக் கதையை விட்டுட்டியே?"

ஆதாரமில்லாததை எழுதமாட்டேன் என்றேன். வீட்டில் மாவரைக்க ஜெர்மானியர்கள் தடை போட்டது உண்மை. அந்த ஆணையை லுப்ளின் நகர ஆவணக் காப்பகத்தில் பார்த்திருக்கிறேன். ஆனால் கீழ்க்கல் எங்கள் வீட்டிலும் மேல்கல் அடுத்த வீட்டிலும் இருந்ததாம். சோதனையில் எங்குமே முழுத் திரிகை அகப்படவில்லையாம். அழகான கதை. அதனாலேயே நம்பவில்லை.

செப்டம்பர் 5

மழைநீர்ப் பீப்பாய்க்கு அடியில் வட்டக் கல் ஒன்று கிடக்கிறது. நடுவில் துளை.

செப்டம்பர் 7, ஞாயிறு

அடுத்த வீடு நாற்பது அடி தூரம். அங்கிருக்கும் செவெரினோடு பேசி ஆறு வருடம். என் வால்நட் மரக் கிளையை வெட்டினார். நான் நேரில் கேட்காமல் வட்டார அலுவலகத்துக்கு மனு எழுதினேன். கேட்டிருக்கலாமோ?

செப்டம்பர் 9

போனேன். உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"என்ன டீச்சர், நேர்லயே வந்துட்டீங்க? தபால்காரருக்கு உடம்பு சரியில்லையா?"

விஷயத்தைச் சொன்னேன். கோழிக்கூண்டுக் கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த கல்லைக் காட்டினார். "எங்கம்மா இருந்தவரைக்கும் இதை வெளிய தள்ளவிடல. இன்னொரு பாதி அங்க இருக்குன்னு உங்க வீட்டைக் காட்டுவா."

செப்டம்பர் 11

அவர் கல்லைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார். என் கல்மேல் வைத்தோம். ஆடியது. பொருந்தல. அவ்ளோதான்— எனக்கு ஏன் ஏமாற்றமா இருக்கணும்? நான்தான் நம்பவே இல்லையே.

"உங்க கல்லைத் திருப்பிப் போடுங்க டீச்சர். அத்தனை வருஷமா மூஞ்சி மண்ணுக்குள்ள இருந்திருக்கு."

திருப்பிக் கழுவினோம். விளிம்பிலிருந்து மூன்று விரல் உள்ளே ஒரு வளையம் குழிந்திருந்தது. மேல்கல்லில் அதே இடம் புடைத்திருந்தது. ஒன்றோடொன்று பல வருடம் சுற்றாமல் இப்படித் தேயாது. ஒரு பிடி ரை தானியம் போட்டுச் சுற்றினோம். சாம்பல் நிற மாவு விழுந்தது. விரலால் தொட்டு நக்கினார்.

"கல்லுதான் கடிபடுது."

சிரித்துவிட்டேன்.

செப்டம்பர் 14

திரிகைப் பக்கத்தை எழுதி முடித்தேன். ஒரு சந்தேகம் மட்டும். பாதி பாதியாக வைத்தது நட்பாலா, பயத்தாலா? ஒரு வீடு இன்னொன்றைக் காட்டிக்கொடுத்தால் தானும் மாட்டும். தனியாக அரைக்கவும் முடியாது. செவெரினைக் கேட்டேன்.

"ரெண்டும்தான். பக்கத்து வீடுன்னா வேற எப்படி இருக்கும்?"

அதையே கடைசி வரியாக வைத்தேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

நூல் வந்துவிட்டது. இரண்டு கல்லையும் தீயணைப்புக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கவேண்டும் என்றாள் கிராஜினா. நான் வாய் திறக்குமுன் செவெரின், "தர்றதுக்கில்ல," என்றார். மேல்கல்லைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனார்.

கீழ்க்கல் இப்போது என் சமையலறையில், முகம் மேலே பார்த்தபடி இருக்கிறது. நாளைய ரொட்டிக்கு மாவு இல்லை. அவரைக் கூப்பிட்டுவிட்டு வருகிறேன்.