சீனத் தளபதியும் ஒரு சஹன் சோறும்

வெள்ளி இரவு, கெலிஓயா.

தங்கச்சியின் கணவர், என் மச்சான், மௌத்தாகி அடக்கம் செய்த நாளிலிருந்து அவருடைய மகன்மார் இருவரும் அவர் விட்டுப்போன கடைக்காக முறைத்துக்கொண்டு திரிகிறார்கள். தங்கச்சி அழுததால் இன்று நான்தான் இருவரையும் சேர்ந்து உண்ணும் ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார வைத்தேன். இந்த ஊரில் வேறு யாராலும் முடிந்திருக்காது.

சாப்பாட்டுக்கு நடுவே அந்தக் காலத்துச் சீனத் தளபதி ஒருவரின் கதையை எடுத்துவிட்டேன். போனில் பார்த்தது. யானைப்படை மட்டும் என் கைச்சரக்கு.

"அவரு கடைசி வரைக்கும் தளபதிதான். மகன்மாருதான் ராஜாவானாங்க. உங்கட வாப்பாவும் அப்படித்தான்," என்றேன்.

இளையவன் நவாஸ் சிரித்தான். "ஒரு சிம்மாசனத்துல எப்பிடி மாமா ரெண்டு பேர் இரிக்கிற?"

கதை சூடு பிடித்தால் என் வாய் நிற்காது. "மூத்தவரு மௌத்தான பொறகு அவருட சின்ன வயசு மகன் ராஜாவானான். அவன எறக்கிட்டுத்தான் வாப்பாட தம்பி, அந்தச் சாச்சா, ஏறினாரு. பொறகு அந்தப் புள்ளையையும் கொன்னு முடிச்சிட்டாரு."

மூத்தவன் ரிழ்வான் மடியிலிருந்த தன் மகனைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். "கேட்டீங்களா உம்மா," என்று என் தங்கச்சியைப் பார்த்து மட்டும் சொன்னான். கைகூடக் கழுவாமல் போய்விட்டான்.

சஹனில் அவன் பக்கத்துச் சோறு அப்படியே கிடந்தது. நவாஸ் அந்தப் பக்கம் கை நீட்டவில்லை.

கதையில் யானைகளை எல்லாம் சேர்த்தவன் நான். அந்தப் பிள்ளையைச் சாகாமல் விட்டிருக்கலாம்.