மூக்கு போன மார்கழியில் இரண்டு நாய்கள்

டிசம்பர் 9

இன்று மூன்றாவது தடவை. இரண்டு தட்டு ரொட்டியும் கரிக்கட்டை. பேக்கரி வைத்த இருபது வருடத்தில் நான் மணி பார்த்து அடுப்பைத் திறந்ததில்லை. வெந்துவிட்டது என்று மூக்குதான் சொல்லும். போன மாதக் காய்ச்சல் போனபோது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மனைவிக்கும் தெரிந்துபோனது.

"கொஞ்ச நாள் என் தம்பி அடுப்பப் பாத்துக்கட்டும். நீங்க நாய்ங்களக் கூட்டிட்டு நடந்துட்டு வாங்க."

நாய்ச் சங்கிலிகளை எடுத்துக்கொண்டேன். என் அடுப்பு.

டிசம்பர் 11

புல்லெல்லாம் பனியில் வெளுத்துக் கிடந்தது. நாய்களில் தடியன் தலை குனிந்தவன் நிமிரவே இல்லை; முயல் போன வழியெல்லாம் வளைந்து வளைந்து போனான். வாலு ஒரே புதரடியில் ஐந்து நிமிடம் நின்றாள். எனக்கு அங்கே இருந்தது வெறும் குளிர். பொறாமையாகத்தான் இருந்தது, சொல்வதற்கென்ன.

டிசம்பர் 12

மச்சினன் அலாரம் வைத்து எடுக்கும் ரொட்டி நன்றாகவே இருக்கிறது. அது வேறு எரிச்சல்.

டிசம்பர் 16

டாக்டரைப் பார்த்தேன். "வரலாம், வராமலும் போகலாம்" என்றார். இதைச் சொல்ல ஒரு டாக்டரா?

ஆனால் காலை நன்றாக இருந்தது. இரண்டும் எதையோ மோந்துகொண்டு பத்தடி போயின, சட்டென்று திரும்பி எதிர்ப்பக்கம் ஓடின. பின்னாலேயே போய்ப் பார்த்தால், பனியில் நரியின் காலடி. நகத்தடம் நாய்கள் ஓடிய திசையைத்தான் காட்டியது. நான் கண்ணால் படித்ததை அவை முன்பே படித்துவிட்டன. வீடு திரும்பியபோது மணி ஒன்பதரை. அடுப்பு ஞாபகமே வரவில்லை.

டிசம்பர் 20

மண்டி போட்டு நானும் மோந்து பார்த்தேன். தபால்காரம்மா பார்த்துவிட்டார்.

"எதத் தொலைச்சீங்க?"

"மூக்கை."

சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். ஒரு வாசனையும் இல்லை.

டிசம்பர் 23

தடியன் வாய்க்கால் ஓரம் மோந்துகொண்டே போய், ஏதோ செத்துக் கிடந்ததன் மேல் ஆனந்தமாகப் புரண்டான். இழுக்கப் போனேன். குமட்டியது. என்னது இது? மறுபடி குனிந்தேன் – மறுபடி குமட்டுது. அந்த நாத்தம் பிடிச்ச கழுத்தக் கட்டிக்கிட்டு அப்படியே உக்காந்துட்டேன்.

வாசலில் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். "ரெண்டு பேரும் உள்ள வராதீங்க. உங்களுக்கு இந்த நாத்தம் கூடவா தெரியல?"

"தெரியுது" என்றேன்.

மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டாள். பிறகு உள்ளே போய் வெந்நீரும் சோப்பும் கொண்டுவந்தாள். இரண்டு பேருமாகத் தடியனைக் குளிப்பாட்டினோம்.

ஜனவரி 4

அலாரம் அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போதே தட்டை இழுத்தேன். பொன்னிறம். மச்சினன் கடிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "அப்ப நான் கெளம்பட்டுமா, மாமா?" என்றான்.

"ஏழு மணித் தட்ட நீயே பாத்துக்க. கடிகாரம் இங்கயே இருக்கட்டும்" என்றேன்.

ஏழு மணிக்கு நாய்கள் நடைக்காகக் கதவடியில் நிற்கும்.