கிரில் கேட்டைத் திறந்தது நான்தான்

அன்புள்ள மகன் கோகுலகிருஷ்ணனுக்கு, அம்மா பாஞ்சாலி எழுதுவது. நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன், நீயும் பூஜாவும் அந்த ஜப்பான் குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். அப்பா நன்றாக இல்லை. போனில் சொன்னால் நீ கத்துகிறாய், நான் அழுகிறேன், பாதியில் நின்றுவிடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு ஆள் அடையாளம் போன பிறகு, அவர் எங்கேயாவது போய்விடுவார் என்று நீ கிரில் கேட் போடச் சொன்னாய், கேமரா அனுப்பினாய். அவர் கேட்டுக்குப் பக்கத்தில் போனாலே அங்கிருந்து போன் வரும், பூட்டினாயா என்று. நானும் பூட்டினேன். அவர் கம்பியில் நெற்றியை மோதி ரத்தம் வந்தது. ரேஷன் கடைக்குப் போகும்போது புடவையால் கட்டில் காலோடு கட்டிவிட்டுப் போனேன். ஒருநாள் திரும்பி வந்து பார்த்தால் இழுத்து இழுத்து மணிக்கட்டில் தோல் உரிந்திருந்தது. என்னை யாரோ என்று நினைத்து, "யம்மா, நான் இன்னா தப்பு பண்ணேன்? அவுத்து வுடுங்க, வூட்டுக்குப் போறேன்" என்று கெஞ்சினார். வாழ்நாளெல்லாம் என்னை வாடி போடி என்று அதட்டிய மனிதர், என்னிடம் ங்க போட்டுக் கேட்டார். அவிழ்த்துவிட்டேன். கேட்டைத் திறந்தேன், கேமரா ஒயரைப் பிடுங்கிப் போட்டேன்.

அன்றிலிருந்து தினமும் அவர் முன்னால் நடப்பார், நான் பின்னால் போவேன். இந்தப் பக்கம் வாங்க என்று சொன்னால் நின்ற இடத்திலேயே நடுங்குவார், பேசாமல் இருந்தால் கால் தானாகப் போகும். மலையடிவாரத்தில் காந்தாவின் மல்லாட்டைக் கொல்லையில் போய் உட்கார்ந்து களை பிடுங்குவார். என் பெயர் தெரியாத மனிதரின் கை ஒரு கடலைச் செடியைக்கூடத் தப்பாகப் பிடுங்கவில்லை. காந்தா, "அவரு பாட்டுக்கு இருக்கட்டுங்க்கா" என்றாள். நீ அங்கே மடத்தில் கண்ணை மூடி உட்காரப் போவதாகவும், எதையும் இழுத்துப் பிடிக்காதே, தண்ணீர் போல விடு என்று அந்தச் சாமியார் சொன்னதாகவும் ஒருமுறை சொன்னாயே, அது எனக்கு அங்கேதான் கொஞ்சம் விளங்கியது.

ஆனால் நல்லபடியாக முடியவில்லை. புரட்டாசி மழையில் ஓடையில் இறங்கினார், பாசிப் பாறையில் வழுக்கி விழுந்துவிட்டார். நான் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இல்லை. இடுப்பெலும்பு போயிற்று. கணியம்பாடி வழியாக வேலூருக்குக் கொண்டுபோனோம், இருதயம் ஆபரேஷனைத் தாங்காது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பூட்டி வைத்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்று கேட்டாய். ஆகியிருக்காது. அந்தக் கேள்வி சோறு வடிக்கும்போதும் என்கூடவே நிற்கிறது. ஆனாலும் அந்த மாதங்களில் அவர் ஒருநாளும் யாரிடமும் கெஞ்சவில்லை.

இப்போது கஞ்சிகூட இறங்கவில்லை, ஸ்பூன் கிட்டே வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். மூக்கில் குழாய் வைத்தால் இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம் என்று டாக்டர் சொன்னார், நீயும் உடனே வைக்கச் சொன்னாய். அதை அவர் பிடுங்குவார், அப்புறம் மறுபடியும் கையைக் கட்ட வேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அபிநயா, அண்ணனை இன்னொரு தடவை கேட்டுவிட்டுச் சொல்லும்மா என்று அழுதாள். நான் உன்னைக் கேட்கவில்லையப்பா, தெரியப்படுத்துகிறேன். உனக்குக் கோபம் வந்தால் வரட்டும், அதையும் என்னால் தடுக்க முடியாது.

லீவு கிடைத்தால் சீக்கிரம் புறப்பட்டு வா. கிடைக்காவிட்டால் அங்கேயே அழுதுவிடு, வேலை வேலை என்று உள்ளே அடைத்து வைக்காதே. பூஜாவுக்கு ஏழாம் மாதம், தனியாக விட்டுவிட்டு நைட் ஷிப்டுக்குப் போகாதே. நீங்கள் மூன்று பேரும் குறையில்லாமல் வாழ வேண்டும்.

ஒன்று மறந்துவிடாதே. வந்ததும் என்னைத் தெரிகிறதா என்று அவரைக் கேட்காதே, பயந்துபோகிறார். பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து உன் கையை அவர் கைக்கிட்டே வை. பிடிப்பதானால் அவரே பிடிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா,
தா. பாஞ்சாலி