அண்ணே, உங்கள் தகட்டை மாற்றிவிட்டேன்

என் பிரியத்துக்குரிய சேது அண்ணே,

நீங்கள் போய் நாற்பத்தாறு நாள் ஆகிறது. காரைக்குடியில் நம் பட்டறை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பதினோரு வருடம் ஒரே மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள் நாம். உங்களிடம் எதையும் சுற்றி வளைத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. புதன்கிழமை காலை நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

வள்ளி டீச்சரின் சாய்தளம் ஞாபகம் இருக்கிறதா? விபத்துக்குப் பிறகு பேட்டரி நாற்காலியில் ஆத்தங்குடிப் பக்கத்துப் பள்ளிக்குத் திரும்பப் போகிறவர். பள்ளியின் இரண்டு வாசலுக்கும் இரண்டு அலுமினியச் சாய்தளம் கேட்டிருந்தார். மேல்முனைத் தகட்டைக் கொக்கிபோல மடித்து, படியில் பதித்த இரும்புச் சட்டத்தில் மாட்ட வேண்டும். நாற்காலி மேலே ஏறும்போது பாரமெல்லாம் அந்த மடிப்பில்தான் இறங்கும். வரைபடத்தை நீங்கள் கிட்டத்தட்ட முடித்திருந்தீர்கள். ஓரத்தில் உங்கள் கையெழுத்தில் ‘6061, மூன்று மில்லி’ என்று இருந்தது.

பார்த்தவுடனே எனக்கு உறுத்தியது. 6061 பலமான அலுமினியக் கலவைதான். நேர்ச்சட்டத்துக்கும் கடைசல் வேலைக்கும் அதைவிட நல்லது நம்மிடம் இல்லை. ஆனால் சூடாக்கிக் கடினப்படுத்தி வரும் அந்தத் தகட்டைக் குறுகலாக மடித்தால் மடிப்பின் வெளிப்பக்கம் விரிசல் விடும். 5052 என்ற இன்னொரு கலவை அத்தனை பலமில்லை, ஆனால் வளைத்தால் வளையும். இது எனக்கு நன்றாகத் தெரியும். நீங்கள் எதிரே இருந்திருந்தால் மேசையைத் தட்டிச் சண்டை போட்டிருப்பேன். செத்துப்போனவரின் எழுத்தோடு எப்படிச் சண்டை போடுவது? வாயை மூடிக்கொண்டு 6061 வாங்கினேன்.

நாற்காலி கனம் என்பதற்காக அதை எழுதினீர்களா? இல்லை, பெரிய அச்சு வைத்து அகலமாக வளைத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தீர்களா? வளைவின் அளவை நீங்கள் குறிக்கவே இல்லை. குறிப்பதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள்.

வளைக்கும் இயந்திரத்தில் நிற்கும் செல்வம் எப்போதும் போடும் அச்சிலேயே மடித்தார். முதல் சாய்தளம் திங்கட்கிழமை பள்ளிக்குப் போனது. புதன்கிழமை காலை எட்டு மணிக்கு இரண்டாவதை மடிக்கும்போது ‘டக்’கென்று ஒரு சத்தம்.

“தங்கச்சி, கொஞ்சம் இங்குட்டு வாங்க. சத்தம் சரியில்ல.”

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. மடிப்பில் மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தூவிவிட்டுக் காத்திருந்தோம். விரிசலுக்குள் போன எண்ணெய் பொடியில் ஊறி வெளியே தெரியும். ஒரு விரல் நீளத்துக்குக் கறுப்பாகக் கோடு எழுந்து வந்தது. செல்வம் என் முகத்தைப் பார்த்தார். அதே தகடு, அதே அச்சு, அதே மடிப்பு. இரண்டு நாளாக அதில்தான் டீச்சர் ஏறிக்கொண்டிருக்கிறார்.

டீச்சருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. தலைமையாசிரியருக்குப் போட்டால் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். வண்டியை எடுத்துவிட்டேன். செல்வம் பின்னால் உட்கார்ந்து போன் போட்டுக்கொண்டே வந்தார். “மணி அடிக்குது, எடுக்க மாட்டேங்கிறாக” என்று அவர் சொல்லும்போதெல்லாம் என் கை தன்னால் ஆக்சிலரேட்டரை முறுக்கியது. அந்த மடிப்பு பிட்டுக்கொண்டால் சாய்தளம் படியைவிட்டு நழுவி நாற்காலி கவிழும். கீழே சிமெண்டுத் தரை. ஒருமுறை முதுகு உடைந்தவர், அண்ணே.

கேட்டுக்குள் நுழையும்போது நாற்காலியின் முன்சக்கரம் தகட்டில் ஏறிவிட்டது.

“டீச்சர், ஏறாதீக! பின்னாடி எடுங்க!”

பள்ளிக்கூடமே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன். டீச்சர் மிரண்டுபோய் நாற்காலியைப் பின்னால் எடுத்தார். செல்வம் ஓடிப்போய்ச் சாய்தளத்தைக் கழற்றிக் கவிழ்த்தார். டீச்சரின் கண்ணெதிரிலேயே எண்ணெயும் பொடியும் போட்டோம். இங்கே கோடு விரல் நீளமல்ல, மடிப்பில் பாதி தூரம் ஓடியிருந்தது.

டீச்சர் அந்தக் கோட்டைக் கையால் சுட்டினார்.

“நேத்தும் இதுலதானே ஏறுனேன். முந்தாநாளும் ஏறுனேன்.”

“ஆமா டீச்சர்.”

“இந்தத் தகடு போடணும்னு யாரு முடிவு பண்ணுனது?”

உங்கள் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் அது பொய்யும் இல்லை. அவரும் ‘பாவம், போய்ச் சேர்ந்துட்டாக’ என்று விட்டிருப்பார். நீங்கள் வந்து மறுக்கப்போவதில்லை. அதை நினைத்ததும்தான் எனக்கு உடம்பு கூசியது.

“நாந்தான் டீச்சர். தப்பா இருக்கும்னு எனக்கு அப்பவே பட்டுச்சு. தெரிஞ்சும் பேசாம இருந்துட்டேன்.”

அவர் திட்டுவார் என்று நின்றேன். அவர் திட்டவில்லை. “என் உசுரு விசயத்துல இனிமே பேசாம இருக்காதீக” என்று மட்டும் சொன்னார். ஆள் வைத்து நாற்காலியோடு தூக்கித்தான் அன்று அவரை வகுப்புக்குக் கொண்டுபோனார்கள். அவருக்கு அது எவ்வளவு பிடிக்காது என்று முகத்திலேயே தெரிந்தது.

பட்டறைக்கு வந்து வரைபடத்தை விரித்தேன். பேனாவைக் கையில் எடுத்ததும் செல்வம், “முதலாளி எழுதுனத அடிக்கிறீகளா?” என்றார். அவர் கேட்டது கோபமில்லை, பயம். எனக்கும் அதே பயம்தான். அடித்தேன். 5052, நான்கு மில்லி என்று எழுதினேன். பலம் குறைவதை ஈடுகட்டத் தடிமனைக் கூட்டி, அடியில் இரண்டு தாங்குசட்டம் சேர்த்தேன். வளைவின் அளவையும் குறித்தேன். முதலில் ஒரு துண்டை வெட்டி மடித்து, பொடி தூவிப் பார்த்தோம். கோடு இல்லை. நான் நம்பவில்லை. இன்னொரு துண்டு. அதிலும் இல்லை. பிறகு இரண்டு சாய்தளத்தையும் முழுதாகச் செய்து, ஒவ்வொன்றின்மேலும் நாற்காலியும் டீச்சரும் சேர்ந்த எடையைப்போல இரண்டு பங்கு சிமெண்டு மூட்டை அடுக்கி ஒருநாள் முழுக்க விட்டு வைத்தோம். மூட்டையை இறக்கிவிட்டு மறுபடியும் பொடி. வெள்ளையாகவே இருந்தது.

சனிக்கிழமை சிறப்பு வகுப்பு. மாட்டி முடித்ததும் டீச்சர் உடனே ஏறவில்லை. கீழேயே நின்று என்னைப் பார்த்தார்.

“நீங்களும் வாரீகளா?”

நாற்காலிக்குப் பின்னால், சாய்தளத்தின் மேலேயே நடந்தேன். கவிழ்ந்தால் முதலில் என்மேல்தான் விழ வேண்டும். மோட்டார் முனகியது. பாதி தூரத்தில் அவர் வேண்டுமென்றே நிறுத்தினார். மடிப்பிலிருந்து ஏதாவது சத்தம் வருகிறதா என்று இரண்டு பேருமே மூச்சை அடக்கிக் கேட்டோம். உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் மறுபடி பொத்தானை அழுத்தி, படி தாண்டி வகுப்புக்குள் போய்விட்டார். திரும்பிப் பார்க்கவே இல்லை. அதில்தான் எனக்கு உயிர் வந்தது.

அண்ணே, உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை. உங்களை நான் சாமியாக்கிவிட்டேன், அதுதான் என் தப்பு. உயிரோடு இருந்தவரை ஒருநாளும் உங்களை அப்படி நான் நடத்தியதில்லையே! நீங்கள் சொன்னது எனக்குச் சரியென்று பட்டால் செய்வேன். தப்பென்று பட்டால், நீங்கள் எதிரே இல்லாவிட்டாலும் வாய்விட்டுச் சொல்வேன். இது சத்தியம்.

உங்களை எதிர்த்துப் பேச உரிமையுள்ள
ஒரே தங்கை,
தெய்வானை