ஏழாவது கட்டத்தில் நட்சத்திரம்

இன்று காலை மகன் மடிக்கணினியில் புது வேலை ஒன்றுக்கு நிரல் எழுதும் விதிகளை அமைத்துக்கொண்டிருந்தான். எத்தனை இடம் தள்ளி எழுதுவது, பெயர்களை எப்படி வைப்பது என்று ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டு, "அம்மா, குறிப்பெல்லாம் இங்கிலீஷ்லதான் இருக்கணும்னு ஒரு ரூல் போடட்டுமா?" என்றான். "போடாதே!" என்று நான் கத்தியதில் மிரண்டுபோனான். பாவம், அவனுக்கு உன்னைத் தெரியாது.

எண்பதுகளின் கடைசியில் தேனி நூற்பு மில்லுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது அந்த ஏசி அறையில் நாம் இரண்டு பேர்தான். பஞ்சு மூட்டை இருப்புக்கான நிரலை நீ எழுதினாய். ஒரு வரியின் ஏழாவது கட்டத்தில் நட்சத்திரக் குறி போட்டுவிட்டால் அந்த வரியை எந்திரம் படிக்காது. மனிதர்கள் படிப்பதற்கான குறிப்பு அது. நீ அங்கே ஆங்கில எழுத்தில் நம் ஊர்ப் பேச்சையே எழுதினாய். "இங்கன கை வைக்காதீக, மழைக்குப் பஞ்சு எடை கூடும்." இன்னோர் இடத்தில், "ஆத்தா, இத எழுதயில சரியான பசி."

எனக்கோ எல்லாம் ஒழுங்காக இருந்தாக வேண்டும். பதினான்கு விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினேன். "ஏ ஆத்தா, மிசினுக்கு ரூல் போடு. நமக்கு எதுக்குடி?" என்று சிரித்தாய். உன் அக்கா கல்யாணத்துக்கு நீ ஊருக்கு, ராயப்பன்பட்டிக்குப் போயிருந்த வாரத்தில், நிரலில் நீ வைத்திருந்த பெயர்களை எல்லாம் மாற்றி, குறிப்புகள் அத்தனையையும் அழித்து, பழையதன் மேலேயே பதிந்துவிட்டேன்.

திரும்பி வந்து அச்சுத்தாளைப் பக்கம் பக்கமாகப் பார்த்தாய். "நல்லாத்தான் இருக்கு. என்னையத்தான் காணோம்" என்றாய். அதற்குப் பிறகு என்னோடு சாப்பிட வரவில்லை. மன்னிப்பை நாளைக்குக் கேட்கலாம் என்று நாளைக் கடத்தினேன். அந்த ஐப்பசியில் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

நீ எழுதியது ஏதாவது இருந்தால் வேண்டும் என்று உன் அம்மா சொல்லி அனுப்பினார்கள். மாதா கோயிலில் உன் முப்பதாம் நாள் பூசைக்கு வந்தபோது அந்த அச்சுத்தாள் நாற்பது பக்கத்தையும் உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மடியில் வைத்துத் தடவிப் பார்த்தார்கள். "மிசினுக்குள்ள நம்ம பேச்சத்தான் எழுதி வச்சிருக்கேன்னு சொல்லுவா. அது எந்தப் பக்கம் தாயீ?"

தேடுவதுபோல் நாற்பது பக்கத்தையும் புரட்டினேன். "இதுல வரல போலிருக்கும்மா" என்றேன். நம்பினார்கள். "போகுது, நீ ரெண்டு வாய் சாப்பிட்டுப் போ" என்று இலை போட்டார்கள். சாப்பிட்டேனடி.

இப்போது அவர்களும் இல்லை. அழித்தது நான்தான் என்று கடைசி வரை சொல்லவில்லை. உன்னிடம் கேட்காத மன்னிப்பு ஒன்று, அவர்களிடம் சொன்ன பொய் ஒன்று. இரண்டையும் யாரிடம் போய் இறக்கி வைப்பேன்?