நீளமான பாஷை

அன்புள்ள அக்கா,

சொன்னால் சிரிப்பாய். இத்தனை வருஷமாகியும் இந்த ஊர்ப் பாஷை எனக்குப் பாதிதான் புரிகிறது. டாக்டர் சிரித்தால் நானும் சிரித்துவைப்பேன்.

இன்று அவர் சிரிக்கவில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த என் மகள், உன் மருமகள்தான் பெரிய வக்கீல் மாதிரி உட்கார்ந்து கேட்டாள்.

"என்னம்மா சொல்றாரு?"

"ஒண்ணுமில்லப்பா. ரெஸ்ட் எடுக்கணுமாம்."

"இவ்வளவு நேரமும் அதையேவா சொன்னாரு?"

"இவங்க பாஷை அப்படித்தான்பா, ரொம்ப நீளம்."

டாக்டர் சொன்னதில் ஒரு வார்த்தை எனக்குத் தெரியும். சலவைக்கூடத்தில் என்னோடு வேலை பார்த்தவனுக்கும் அதைத்தான் சொன்னார்கள். அவனுடைய லாக்கரில் இப்போது என் குடை இருக்கிறது.

நான் தலையாட்டிவிட்டேன். சின்ன வயதிலிருந்தே எனக்காகப் பேசிப் பேசி வளர்ந்தவள். இதையும் அவள் வாயால் சொல்லவைக்க மனசு வரவில்லை. போனில் நீயும் எதையும் கேட்டுவிடாதே.

டாக்டர் கழற்றச் சொன்ன சட்டையை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டுக்கொண்டு வீடுவரை வந்திருக்கிறேன். பஸ்ஸில் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தவளும் கவனிக்கவில்லை.

உன் தம்பி